பழைய மவுண்டன் பைக்கைத் திருத்துவதா, மாற்றுவதா? மலையகத்தில் சைக்கிள் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹப்புத்தளைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலைக்கு நான் தினமும் சைக்கிளில் போகிறவன். முதல் மவுண்டன் பைக்கைப் பழையதாக 32,000 ரூபாய்க்கு வாங்கினேன். அடுத்த 14 மாதத்தில் முன் ஷொக்குக்கு 19,500, வீல் சோடிக்கு 16,000, பிரேக்குக்கு 9,000 என்று ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினேன். மொத்தம் 76,500 ஆனது. அந்தக் காசுக்கு உத்தரவாதத்தோடு புதியதே வாங்கியிருக்கலாம் என்று தெரிந்தபோது ஃப்ரேமில் கீழ்க்குழாய் (ஹேண்டில் பக்கம் இருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாய்) வெடித்திருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான்.

நான் செய்த தவறு காசு செலவழித்தது அல்ல. எந்த வரிசையில் பார்க்க வேண்டுமோ அதைத் தலைகீழாகப் பார்த்தேன். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். இரண்டாவது படி முடியும்வரை எந்தக் கடைக்கும் போக வேண்டாம். விலைகள் எல்லாம் 2025இல் நான் கொடுத்தவை அல்லது கேட்டறிந்தவை. கடைக்குக் கடை மாறும்.

1. சைக்கிளைக் கழுவி, ஃப்ரேமைப் பாருங்கள்

செலவு: ஒரு வாளி தண்ணீர், பழைய பல்துலக்கி. நேரம்: ஒரு மணித்தியாலம்.

தோட்டப் பாதையின் சிவப்புச் சேறு எல்லாவற்றையும் மூடிவிடும். நன்றாகக் கழுவிக் காயவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முக்கியமான இடங்கள் மூன்று. ஹேண்டில் நிற்கும் தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் ஒட்டு, கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுழலும் பெட்டியைச் சுற்றி, பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடம். ஒட்டுக்குப் பக்கத்தில் பெயின்ட் மயிரிழை போலப் பிளந்திருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் அது பெயின்ட் கீறல் அல்ல, வெடிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காந்தத்தை ஃப்ரேமில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். இரும்பு ஃப்ரேமை நல்ல வெல்டிங் பாஸ் ஒருவர் ஒட்டித் தருவார், அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் ஓடும். அலுமினியத்தை ஒட்டினாலும் சூட்டில் அந்த இடம் மென்மையாகிப் பலம் போய்விடும். "ஒட்டித் தர்றேன் சேர், ஒன்னும் ஆகாது" என்று யார் சொன்னாலும் வேண்டாம். பெரகல இறக்கத்தில் முன் சக்கரம் தனியாகப் போனால் அந்தப் பேச்சு காப்பாற்றாது.

அலுமினியத்தில் வெடிப்பு இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. நேராக 6ஆம் படிக்குப் போங்கள்.

சீட் கம்பி மேலே கீழே அசைகிறதா என்றும் பாருங்கள். மழையில் பல வருடம் நின்ற சைக்கிளில் அது ஃப்ரேமுக்குள்ளேயே இறுகிப்போயிருக்கும். உயரம் உங்களுக்குச் சரியாக இருந்தால் பிரச்சினை இல்லை. சரியில்லை என்றால் அதைக் கழற்றுவதே ஒரு தனி வழக்கு.

2. நான்கு அளவுகளை எழுதி வையுங்கள்

புதுச் சாமான் எதுவும் இந்த ஃப்ரேமுக்கு ஏறுமா என்பதை இந்த நான்கும் சொல்லிவிடும். நான் இதைச் செய்யவில்லை.

முதலாவது, சக்கர அளவு. டயரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. வெறும் "26" என்று கேட்டு டயர் வாங்காதீர்கள். ஜப்பானிய நகரச் சைக்கிள்களின் 26 வேறு, அது 590. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறாது. பண்டாரவளையில் ஒரு டயரை வாங்கி வந்து, மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போய் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது, பின் அச்சின் அகலம். ஃப்ரேமின் பின் கால்கள் இரண்டுக்கும் இடையில், உட்பக்கத்தில் அளக்க வேண்டும். பழைய மவுண்டன் பைக் பெரும்பாலும் 135 மில்லிமீற்றர். இப்போது வரும் நல்ல வீல்கள் பல 142 அல்லது 148. அவை பழைய ஃப்ரேமில் உட்காராது.

மூன்றாவது, தலைக்குழாய். மேலும் கீழும் ஒரே பருமனா, கீழே அகன்று வருகிறதா? நேர்க்குழாய் என்றால் தரமான புதிய ஷொக்குகளில் பெரும்பாலானவை உங்களுக்கு இல்லை. கிடைப்பது அடிமட்டத் தரத்திலோ பழையதிலோதான்.

நான்காவது, டிஸ்க் பிரேக் மாட்ட இடம். பின்புறம் இடது பக்கத்தில், அச்சுக்கு அருகே இரண்டு துளைகளோடு ஒரு காது ஃப்ரேமிலேயே இருக்க வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் அப்படியே. காது இல்லாத ஃப்ரேமுக்குத் தனியாகத் தகடு வைத்து டிஸ்க் மாட்டித் தருவார்கள். மலைப் பாதையில் அதை நம்பக்கூடாது.

சரி, இந்த நான்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்டினால் பாதிப் பேச்சு மிச்சம்.

3. தேய்ந்ததையும் பிடிக்காததையும் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் "சைக்கிள் பழசாகிவிட்டது" என்று சொல்வது உண்மையில் செயின், பல்லுச் சக்கரம், வயர், பிரேக் கட்டை தேய்ந்துபோனதைத்தான். இவை சவர்க்காரம் மாதிரி, தீரத்தான் செய்யும். இவற்றை மாற்றுவது மேம்படுத்தல் அல்ல, பராமரிப்பு. புதுச் சைக்கிள் வாங்கினாலும் ஒன்றிரண்டு வருடத்தில் இதே செலவு வரும்.

செயினை அளப்பது எளிது. தச்சுவேலைக்கு வைத்திருக்கும் இரும்பு டேப் வேண்டும், தையல் டேப் இழுபடும். ஒரு பின்னின் நடுவில் பூச்சியத்தை வைத்து, சரியாக 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு வருகிறதா பாருங்கள். வந்தால் செயின் நல்லது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் இப்போதே மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினோடு பின் பல்லுச் சக்கரமும் போய்விட்டது. புதுச் செயினை மட்டும் போட்டால் ஏற்றத்தில் வழுக்கும். 2,800 ரூபாய் செயினைக் காலத்தில் மாற்றாமல் விட்டதால்தான் நான் பல்லுச் சக்கரத்துக்கும் சேர்த்துக் காசு கட்டினேன்.

பின் பல்லுச் சக்கரத்தை மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. விலை குறைந்த சைக்கிள்களில் அது ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) மரையாகத் திருகி ஏற்றப்பட்ட ஃப்ரீவீல். நீங்கள் ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். மலைநாட்டில் இரண்டு வருடம் ஓடிய ஃப்ரீவீல் எப்படி இறுகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கென்று தனிச் சாவி இருக்கிறது. அது இல்லாத கராஜில் உளியும் சுத்தியலும் வரும், ஹப் கெட்டுவிடும். "சாவி இருக்கா பாஸ்?" என்று கேட்டுவிட்டே வீலைக் கொடுங்கள்.

டிஸ்க் இல்லாத பிரேக் என்றால் ரிம்மின் பக்கச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். உட்பக்கம் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. மழையும் மணலும் சேர்ந்து பிரேக் கட்டையோடு அரைத்து ரிம்மைத் தின்றுவிடும். குழிந்த ரிம் ஒரு நாள் டயரின் காற்றழுத்தத்திலேயே பிளக்கும்.

4. கணக்குப் போடுங்கள்

கடையில் நின்று போடாதீர்கள், வீட்டில் தாளில் எழுதிப் போடுங்கள்.

பழையதை விற்றால் என்ன கிடைக்கும் என்பதைப் புதியதன் விலையில் கழியுங்கள். 85,000 ரூபாய்ச் சைக்கிள் வாங்கி, பழையதை 25,000க்கு விற்க முடியும் என்றால் மாற்றுவதற்கான உண்மையான செலவு 60,000. அதில் பாதி 30,000. திருத்தும் செலவு அந்தப் பாதிக்குள் அடங்கினால் திருத்துங்கள். தாண்டினால் நிறுத்துங்கள். இது என் கோடு. ஃப்ரேம் நேர்க்குழாயும் 135 அச்சுமாக இருந்தால் நான் இன்னும் கீழே இறக்கி மூன்றில் ஒன்று என்பேன். அந்த ஃப்ரேமுக்கு வாங்கும் வீலும் ஷொக்கும் அடுத்த சைக்கிளுக்கு ஏறாது.

ஒரு நண்பருக்குப் போட்ட கணக்கு இது: செயின் 2,800, 14-34 பல்லு ஃப்ரீவீல் 3,200, வயரும் உறையும் 1,500, பிரேக் கட்டை 1,400, இரண்டு டயர் 6,400, கூலி 3,000. மொத்தம் 18,300. அவர் திருத்தினார், இன்றும் அதே சைக்கிள்தான்.

எல்லோரும் மறக்கும் ஒரு வரி உண்டு. புதுச் சைக்கிள் கடையில் இருந்து அப்படியே ஓட்டும் நிலையில் வராது. மட்காட், முன் பின் லைட், பூட்டு, பம்ப் என்று இன்னும் 10,000 தனியாக எடுத்து வையுங்கள். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது உயர்ந்த விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 சதவீதமானது. பழைய ஞாபகத்தில் இருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

5. திருத்துவது என்றால், இந்த வரிசையில்

பிரேக் முதலில். ஹப்புத்தளையில் இருந்து பெரகலவுக்கோ, நுவரெலியாவில் இருந்து இறம்பொடைக்கோ இறங்கிப் பாருங்கள், ஏன் என்று விளங்கும். ஃப்ரேமில் டிஸ்க் காது இல்லை என்றால் டிஸ்க்குக்கு ஆசைப்படாதீர்கள். அதற்கு ஃபோர்க், இரண்டு ஹப், டிஸ்க் தகடு, அதைக் கவ்வும் காலிப்பர் எல்லாம் மாற வேண்டும். அந்தக் காசு புதுச் சைக்கிளின் கால்வாசி. நல்ல பிரேக் கட்டையும் புது வயரும் போட்டு, இறக்கத்தில் வேகத்தைக் குறைத்துப் போனால் போதும். டிஸ்க் இருக்கிறது என்றால் டிஸ்க் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ரெசின் பேட் மட்டும் என்று எழுதிய தகட்டில் மெட்டல் பேட் போட்டால் தகடு சீக்கிரம் தேயும்.

ஒயில் பிரேக் உள்ளவர்களுக்கு ஒன்று. ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஒயில். ஆட்டோவுக்கு ஊற்றும் பிரேக் ஒயிலை அதில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். டவுனில் இருந்து தூரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு நான் வயர் டிஸ்க்கையே சொல்வேன். எந்த கராஜிலும் திருத்தலாம்.

இரண்டாவது டயர். காசுக்கு இவ்வளவு வித்தியாசம் தரும் சாமான் வேறு இல்லை. கொங்கிரீட் போட்ட தோட்டப் பாதையும் கார்ப்பெட் ரோட்டும்தான் உங்கள் பாதை என்றால் பெரிய பொத்தான் டயர் தேவையில்லை, அது ஏற்றத்தில் காலைப் பிடித்து இழுக்கும். கல் பாதை என்றால் அகலமான டயரை வாங்கி, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். பாதி ஷொக் அதிலேயே கிடைக்கும்.

மூன்றாவது கியர். இது மலையகத்துக்கே உரிய பிரச்சினை. முன்னால் சிறிய சக்கரம் 28 பல்லு, பின்னால் பெரியது 28 பல்லு என்றால் ஒரு முறை மிதிக்கச் சக்கரம் ஒரு முறை சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் மணிக்கு 7.4 கிலோமீற்றர். சமவெளிக்கு அது நல்ல ஏற்ற கியர். தம்பேதென்ன ஃபெக்டரியைத் தாண்டி லிப்டன் சீட் ஏறும் பாதையில் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாமல் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். முன்னால் 24, பின்னால் 34 என்று மாற்றினால் அதே மிதிப்பில் 5.3க்கும் கீழே வரும். அப்போது உட்கார்ந்தபடியே ஏறலாம். உங்கள் பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்லுச் சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) 34 பல்லைத் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், செயினும் கொஞ்சம் நீளமாகத் தேவைப்படலாம்.

முன் ஷொக் கடைசி. உண்மையில், பட்ஜெட் சைக்கிளுக்கு அதைத் தொடவே வேண்டாம். என் ஃப்ரேம் 80 மில்லிமீற்றர் அமுங்கும் ஷொக்குக்குச் செய்தது. நான் பெருமைக்கு 120 போட்டேன். முன்பக்கம் உயர்ந்தது, ஒவ்வொரு குழியிலும் தலைக்குழாய் ஒட்டுக்கு அதிகப் பாரம் போனது. ஃப்ரேம் வெடித்த இடமும் அதுதான். பார்த்த பாஸ் சிரிக்காமல் சொன்னார்: "சேர், ஷொக் நல்ல ஷொக்தான். சைக்கிள்தான் அதுக்கு இல்ல."

இன்னொரு சின்ன விதி: அடுத்த சைக்கிளுக்கும் எடுத்துப் போகக்கூடிய சாமானுக்குத் தயங்காமல் காசு கொடுங்கள். பெடல், சீட், லைட், பூட்டு எல்லாம் அப்படி.

6. மாற்றுவது என்றால், எதை வாங்குவது

மூன்று வழி இருக்கிறது.

புதியது. லுமாலா போன்ற உள்ளூர்ச் சைக்கிளுக்குச் சாமான் எங்கும் கிடைக்கும், தோட்டத்து கராஜிலும் திருத்துவார்கள். முதல் சைக்கிள் என்றால் இது பாதுகாப்பான முடிவு. ஒன்றை மட்டும் தவிருங்கள்: அதே விலையில் பின்னாலும் ஷொக் வைத்து வரும் சைக்கிள். அந்த விலையில் இரண்டு ஷொக்கும் நன்றாக இருக்க வழியே இல்லை. பாரமும் கூடும், ஏற்றத்தில் உங்கள் மிதிப்பையும் அந்த ஸ்பிரிங் தின்னும்.

ஜப்பானில் இருந்து வரும் பழையது. பலவற்றின் தரம் நல்லது. ஆனால் மவுண்டன் பைக் தோற்றத்தில் இருக்கும் சிலவற்றின் ஃப்ரேமில் ஜப்பானிய மொழியில் சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். போனில் மொழிபெயர்ப்புக் கமராவைப் பிடித்துப் பாருங்கள். கரடுமுரடான பாதையில் ஓட்டக்கூடாது என்று செய்தவனே எழுதியிருப்பான். பண்டாரவளை டவுனுக்குள் ஓட்ட அது போதும், தேயிலை மலைக்குள் போக அல்ல.

உள்ளூரில் ஒருவர் ஓட்டியது. காசுக்கு அதிகப் பெறுமதி இங்கேதான், ஏமாற்றமும் இங்கேதான். 1, 2, 3ஆம் படிகளை அந்தச் சைக்கிளுக்கும் செய்யுங்கள். கழுவாமல் காட்டினால் ஒரு துணியைக் கேட்டு ஒட்டுகளை மட்டும் துடையுங்கள். கட்டாயம் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டையான ரோட்டில் எல்லாச் சைக்கிளும் நல்ல சைக்கிள்தான். தேய்ந்த பல்லு, பாரம் விழும்போதுதான் வழுக்கும்.

தெரிவு அதிகம் வேண்டும் என்றால் கொழும்பு 12, டாம் வீதிக்கு ஒரு நாள் போய் வரலாம். போகும் செலவையும் திரும்பக் கொண்டுவரும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஐயாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்காகப் போவதில் அர்த்தமில்லை.

7. எழுத்தில் வாங்க வேண்டியவை

மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போலப் பதிவுப் புத்தகம் சைக்கிளுக்குக் கிடையாது. அதனால் பில்தான் உங்கள் உரிமைப் பத்திரம்.

கிராங்க் பெட்டியின் அடியில் ஃப்ரேம் இலக்கம் அடித்திருக்கும். சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். அந்த இலக்கத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் எழுதச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் ஒரு தாளில் திகதி, விலை, ஃப்ரேம் இலக்கம், இருவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம். அவ்வளவுதான். ஃப்ரேம் இலக்கத்தைச் சுரண்டியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள். நாளைக்குக் களவுப் பொருள் என்று பொலிஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உத்தரவாத அட்டையில் ஃப்ரேமுக்கு எவ்வளவு காலம், மற்றச் சாமானுக்கு எவ்வளவு காலம் என்று பிரித்துக் கேளுங்கள். வேறு ஷொக் மாட்டினால் உத்தரவாதம் போகுமா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பில்லைப் படம் எடுத்து வையுங்கள். லயத்து இஸ்தோப்பில் நிறுத்திய சைக்கிள் காணாமல் போனால் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க ஃப்ரேம் இலக்கமும் ஒரு படமும் இருந்தால் வேலை இலேசு.

8. எப்போது செய்வது

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் என்றால் மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் பிரேக் வேலையை முடியுங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மழை பெரும்பாலும் வருடக் கடைசியில்தான் கொட்டும். செப்டெம்பருக்குள் முடித்தால் நல்லது.

காசுக்கு வட்டிக் கடன் வேண்டாம். சீட்டுப் பிடிக்கிறீர்கள் என்றால் சீட்டு விழும் மாதத்துக்கு வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் தீபாவளி முற்பணத்தை இதற்குத் திருப்ப நினைப்பதுண்டு. அது பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் என்பதை வீட்டில் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

கொழும்பில் வாங்கினால் ரயிலில் பார்சலாக அனுப்பலாம். மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப் பாதை அடிக்கடி தடைப்படும். ரயில் ஓடுகிறதா, அன்றைக்குப் பார்சல் எடுக்கிறார்களா என்று நிலையத்தில் கேட்டுவிட்டே சைக்கிளைக் கொண்டுபோங்கள். ஹேண்டிலைத் திருப்பி, பெடலைக் கழற்றிக் கட்டுங்கள். இடது பெடலுக்கு எதிர் மரை, வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்.

9. பழையதை என்ன செய்வது

திருத்திய சைக்கிளை விற்கும்போது நீங்கள் போட்ட காசு திரும்பி வராது. 20,000 ரூபாய்ச் சாமானுக்கு 5,000 கூடக் கிடைத்தால் அதிர்ஷ்டம். கழற்றி வைத்திருக்கும் பழைய சாமானைத் திரும்ப மாட்டிச் சைக்கிளை விற்று, நல்ல சாமானைத் தனியாக விற்பது லாபம். அதனால் பழைய ஷொக்கையும் வீலையும் காயலான்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

வெடித்த ஃப்ரேம் என்றால் விற்கவே கூடாது. என்னுடையதை ஒரு பையன் 4,000 ரூபாய்க்குக் கேட்டான், பெயின்ட் அடித்து ஓட்டுவானாம். அன்று மாலையே பக்கத்து வீட்டில் இரும்பு அறுக்கும் வாள் வாங்கிக் கீழ்க்குழாயைக் குறுக்கே அறுத்துவிட்டு, இரண்டு துண்டாகப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். 640 ரூபாய் தந்தார்.